வேட்டு கிளம்பாத மஸில்லோடர்

குழலின் வாய் வழியாக முதலில் மருந்தையும் அதன்மேல் குண்டையும் கெட்டித்துச் சுடும் துப்பாக்கிக்கு மஸில்லோடர் என்று பெயர். தோட்டா வருவதற்கு முன் உலகெங்கும் இருந்தவை பெரும்பாலும் இந்த வகைத் துப்பாக்கிகளே. தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கியும் இதே இனம்தான். அமெரிக்காவில் இது இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அங்கே பல மாநிலங்கள் மான் வேட்டைக்கு மஸில்லோடருக்கென்றே தனிப் பருவம் ஒதுக்குகின்றன. அந்தப் பருவம் பெரும்பாலும் இலையுதிர் காலத்திலோ பனிக் காலத்திலோ வருகிறது. அப்போது ஈரமும் குளிரும் மிகுதி. சுடுபவர் கையில் இருப்பதோ ஒரே ஒரு வேட்டு. விசையை இழுத்து அதுவும் கிளம்பாமல் போனால் மான் தப்பிவிடுகிறது என்பது சிறிய இழப்பு. குழலுக்குள் உயிரோடு ஒரு வேட்டு தங்கிவிடுகிறது என்பதுதான் பெரிய கவலை.

நவீன மஸில்லோடரில் தீ போகும் வழி எளிமையானது. விசையை இழுத்ததும் பிடியிலிருந்து விடுபட்ட ஊசி சுருள்வில்லின் வேகத்தில் பாய்ந்து பிரைமரின் முதுகில் அடிக்கிறது. பிரைமருக்குள் இருப்பது அடிபட்டால் பற்றிக்கொள்ளும் ரசாயனக் கலவை. அந்தத் தீ, குழலின் அடிப்பக்கத்தைத் திருகி அடைத்திருக்கும் பிரீச் பிளக்கின் நடுவே உள்ள குறுகிய பாதையில் ஓடுகிறது. பாதையின் முடிவில் முக்கால் மில்லிமீட்டர் அளவே உள்ள துளை. அதைத் தாண்டினால் மருந்து. மருந்து எரிந்து எழும் வாயு குண்டைத் தள்ளுகிறது. இந்தப் பாதையில் ஓரிடத்தில் தடை விழுந்தாலும் வேட்டு கிளம்பாது. அதனால் கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலை என்பது தீ எதுவரை போயிற்று, எங்கே நின்றது என்று படிப்படியாகத் தேடுவதுதான். கைக்கு வந்ததையெல்லாம் ஒரே நேரத்தில் மாற்றிப் பார்ப்பவருக்கு எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

தீயை மருந்திடம் தவறாமல் கொண்டு சேர்ப்பது துப்பாக்கி செய்பவர்களை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக வாட்டிவரும் சிக்கல். சக்கிமுக்கிக் கல் பொறியில் இயங்கிய பழைய துப்பாக்கியில், வெளியே கிண்ணத்தில் இட்ட மருந்து முதலில் பளிச்சென்று எரியும். குண்டு கிளம்புவதற்குள் அந்த ஒளியைக் கண்டு பறவை பறந்துவிடும். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி என்ற ஊரின் பாதிரியாரும் வேட்டைப் பிரியருமான அலெக்சாண்டர் ஜான் ஃபோர்சைத், அடித்தால் வெடிக்கும் ஃபல்மினேட் உப்பைப் பயன்படுத்தி இதற்கு வழி கண்டு 1807இல் காப்புரிமை பெற்றார். அதிலிருந்து வளர்ந்ததுதான் செம்புக் கேப்பு. பிரிட்டிஷ் ராணுவம் 1834இல் வூல்விச்சில் இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுச் சோதித்தது. எல்லா வகை வானிலையிலும் ஆறாயிரம் வேட்டு சுட்டதில் சக்கிமுக்கித் துப்பாக்கிகள் 922 முறை கைவிட்டன. கேப்புத் துப்பாக்கிகள் கைவிட்டது 36 முறை மட்டுமே.

ஆனாலும் கேப்பு குழலின் பக்கவாட்டில் இருந்தது. தீ ஒரு திருப்பத்தில் வளைந்துதான் மருந்துக்குப் போக வேண்டும். அந்தத் திருப்பத்தில் கரியும் எண்ணெயும் தேங்கும். மிசௌரி மாநிலத்தைச் சேர்ந்த டோனி நைட் 1985இல் கொண்டுவந்த எம்.கே.-85 துப்பாக்கி, கேப்பைக் குழலுக்கு நேர் பின்னால் வைத்தது. இவ்வகைத் துப்பாக்கிக்கு இன்லைன் என்று பெயர் வந்தது அதனால்தான். பிறகு சிறிய கேப்பின் இடத்தில், ஷாட்கன் தோட்டாவுக்குரிய, பலமடங்கு சூடான 209 எண் பிரைமர் வந்தது. நேர்ப்பாதை, சூடான தீ என்ற இரண்டும் சேர்ந்தும் வேட்டு தவறுகிறது என்றால், பெரும்பாலும் பழுது துப்பாக்கியின் அமைப்பில் இல்லை. துடைத்ததிலும் கெட்டித்ததிலும் மருந்தைச் சேமித்ததிலும் இருக்கிறது.

விசையை இழுத்து வேட்டு வராத அந்தக் கணத்தில் செய்ய வேண்டியது ஒன்றே: குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருப்பது. மருந்தின் ஒரு மூலையில் பொறி விழுந்து, ஈரத்தில் திணறி, சில விநாடி கழித்துத் திடீரென்று முழுவதும் பற்றிக்கொள்வது உண்டு. இது தாமத வேட்டு. விசை இழுத்ததற்கும் வேட்டுக்கும் நடுவே அரைவிநாடி இடைவெளியாக வருவதும் இதே கோளாறின் லேசான வடிவம்தான். வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிகளில் குறைந்தது ஒரு நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். அதைவிடக் கூடுதலாகக் காத்திருப்பதில் நஷ்டம் எதுவும் இல்லை. என்ன ஆயிற்று என்று குழலுக்குள் எட்டிப் பார்ப்பதும், துப்பாக்கியைத் திருப்பி அருகில் இருப்பவரிடம் காட்டுவதும் உயிரைப் பறிக்கக்கூடிய செயல்கள்.

வேட்டு தவறியதைக் கவனிக்காமலே இருப்பதும் ஆபத்துதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863 ஜூலையில் நடந்த கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பின் களத்தில் 27,574 துப்பாக்கிகளைத் திரட்டியதாகப் பதிவு இருக்கிறது. அவற்றில் ஏறத்தாழ 24,000 துப்பாக்கிகள் கெட்டித்தபடியே கிடந்தன. பாதிக்குப் பாதி துப்பாக்கிகளில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு வேட்டு இருந்தது. ஒரே ஒரு குழலில் 23 வேட்டு வரை அடுக்கியிருந்தது. சுற்றிலும் இரைச்சல், புகை, பதற்றம். தன் துப்பாக்கி வெடித்ததா இல்லையா என்பதே சிப்பாய்க்குத் தெரியவில்லை. மேலே மேலே கெட்டித்துக்கொண்டே போயிருக்கிறார். இன்றைய சுடுதளத்திலும் காதுக்கவசம் போட்டுக்கொண்டு, பக்கத்து மேடையின் சத்தத்தைத் தன் வேட்டென்று எண்ணி மறுபடி கெட்டிப்பவர் உண்டு. இரட்டை வேட்டைச் சுட்டால் குழல் பிளக்கலாம்.

ஒரு நிமிடம் கழிந்ததும் பிரைமரை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். பாதி விடை அதிலேயே இருக்கிறது. வெடிக்காத பிரைமரின் முதுகில் நடுவே ஆழமாகக் குழி விழுந்திருந்தால் ஊசி தன் வேலையைச் செய்துவிட்டது, பிரைமர்தான் ஈரம் பட்டதோ பழுதானதோ என்று கொள்ளலாம். குழி மேலோட்டமாக இருந்தால் அடி பலமாக விழவில்லை. ஊசியும் சுருள்வில்லும் அடங்கிய போல்ட்டுக்குள் தடவிய கிரீஸ் கடுங்குளிரில் உறைந்து ஊசியின் ஓட்டத்தைத் தடுப்பது இதற்கு வழக்கமான காரணம். கோடையில் சுடுதளத்தில் சரியாக வெடித்த துப்பாக்கி டிசம்பரில் ஏமாற்றுவது இதனால்தான். போல்ட்டைக் கழற்றி, பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்து, மிக மெல்லிய பூச்சோடு விட்டால் போதும். தளர்ந்துபோன சுருள்வில்லை மாற்றத்தான் வேண்டும். குழியே விழவில்லை என்றால் ஊசி பிரைமரைத் தொடவே இல்லை. எம்.கே.-85 போன்ற துப்பாக்கிகளில் வழக்கமான காவல் பொத்தானோடு, போல்ட்டின் பின்முனையில் திருகும் இரண்டாவது காவல் ஒன்றும் உண்டு. அதைத் திருகி விடுவிக்காமல் விசையை இழுத்தால் ‘டக்’ என்ற சத்தம் மட்டும் கேட்கும், ஊசி பாதியிலேயே நின்றுவிடும். இதைக் கோளாறு என்று எண்ணிப் பட்டறைக்குத் தூக்கிப் போகத் தேவையில்லை.

பிரைமர் உட்காரும் குழியில் இடைவெளி இருந்தாலும் அடி வீணாகும். ஊசி அடிக்கும்போது பிரைமர் முன்னால் நகர்ந்து அடியின் வேகத்தை வாங்கிக்கொள்ளும். பிரைமர் வெடித்தாலும் தீயில் ஒரு பங்கு பின்பக்கமாகக் கசிந்துவிடும். சுட்டபின் பிரைமரின் பக்கவாட்டிலும் போல்ட்டின் முகத்திலும் கரி அப்பியிருந்தால் இந்த இடைவெளி இருக்கிறது என்று அடையாளம். பிரைமரின் பின்னே சிறிய ரப்பர் வளையம் செருகி இடைவெளியை நிரப்புவது அமெரிக்காவில் பலரும் செய்யும் வேலை. துப்பாக்கி செய்தவர்கள் தரும் அளவுச் சரிப்படுத்தலைச் செய்துகொள்வது அதைவிட நல்லது.

இடாஹோ போன்ற சில மேற்கு மாநிலங்கள் மஸில்லோடர் பருவத்தில் 209 பிரைமரை அனுமதிப்பதில்லை. கேப்பும் மழை, பனிக்குத் திறந்தபடி இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அங்கே வேட்டையாடுபவருக்குத் தொல்லை நிப்பிள் என்ற சிறு குமிழில் வருகிறது. நிப்பிளின் முனை அடிபட்டு அடிபட்டு நசுங்கி விரிந்திருந்தால் கேப்பு முழுதாக இறங்காது. முதல் அடி கேப்பைக் கீழே இறக்குவதோடு சரி, இரண்டாவது அடியில்தான் வெடிக்கும். ‘எப்போதும் இரண்டாம் அடிக்கு வெடிக்கிறது’ என்று யாராவது சொன்னால் நிப்பிளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அடுத்தது, பிரைமர் வெடித்தும் மருந்து பற்றாத நிலை. மஸில்லோடர் கோளாறுகளில் பெரும்பங்கு இங்கேதான். தீ புறப்பட்டது, மருந்தைச் சேரவில்லை அல்லது சேர்ந்தும் மருந்து பிடிக்கவில்லை.

முதல் எதிரி எண்ணெய். பருவம் முடிந்து துப்பாக்கியை உள்ளே வைக்கும்போது துருப்பிடிக்காமல் இருக்கக் குழலில் எண்ணெய் தடவுவார்கள். துப்பாக்கியை நிமிர்த்தி வைத்திருந்தால் அந்த எண்ணெய் மாதக்கணக்கில் மெல்ல இறங்கிப் பிரீச் பிளக்கின் பாதையில் தேங்கும். அடுத்த பருவத்தில் முதல் வேட்டு தவறுவதற்கு இதுவே காரணம். கெட்டிப்பதற்கு முன் குழலை உலர்ந்த துணியால் துடைத்து, துணி சுத்தமாக வரும்வரை மாற்ற வேண்டும். பிளக்கைக் கழற்றி அதன் துளையை ஒளியில் பிடித்துப் பார்த்தால், நடுவே வெளிச்சப் புள்ளி வட்டமாகத் தெரிய வேண்டும். பிறகு மருந்து இல்லாமல் வெறும் பிரைமரைச் சுட்டுப் பார்ப்பது வழக்கம். அதைச் சுடுவதற்கு முன் கெட்டிக்கும் கோலின் முனையில் வெள்ளைத் துணித்துண்டைச் சுற்றி குழலின் அடிவரை இறக்கி வைத்தால், சுட்டபின் அந்தத் துணியே சாட்சி சொல்லும். நடுவில் கறுத்துக் கருகிய புள்ளி இருந்தால் பாதை திறந்திருக்கிறது. துணி வெள்ளையாகவே வந்தால் அடைப்பு. ஈரமாக, பழுப்பாக வந்தால் எண்ணெய் இன்னும் மிச்சம் இருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு பிரைமர்தான். வேட்டைக்காரர்கள் இதைத் தவிர்ப்பதற்கு நியாயமே இல்லை.

இரண்டாவது எதிரி கரி. ஒவ்வொரு வேட்டிலும் பிரைமரின் எச்சம் பிளக்கின் பாதையில் படிந்து கல்லாக இறுகும். பத்து, பதினைந்து வேட்டுக்குப் பின் பாதை பாதியாகச் சுருங்கிவிடும். அப்போது தீ போகும், ஆனால் சூடு இழந்து போகும். சாதாரணக் கரைப்பானுக்கு இந்தக் கரி மசியாது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரில் முனையை இயந்திரத்தில் மாட்டாமல் விரலால் மெதுவாகத் திருகி, பாதையில் இறுகியதைச் சுரண்டி எடுப்பார்கள். முனையில் உள்ள சிறு துளைக்குள் அந்த டிரில்லைத் திணிக்கக் கூடாது. துளை பெரிதானால் தீ பின்னால் உதைக்கும். சிறு துளைக்கு அதற்கேற்ற மெல்லிய கம்பிதான் சரி.

மூன்றாவது ஈரம். இது மழையைவிட வீட்டுக்குள்தான் அதிகம் பிடிக்கிறது. நாள் முழுவதும் பனியில் இருந்த துப்பாக்கியைக் கணப்பு எரியும் அறைக்குள் கொண்டுவந்தால், ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த சோடா பாட்டில் வேர்ப்பதுபோல் குழலின் உள்ளும் புறமும் வேர்க்கும். அந்த நீர் மருந்தில் இறங்கினால் அடுத்த நாள் காலையில் நமுத்த மருந்தோடுதான் காட்டுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் அனுபவசாலிகள் மருந்து கெட்டித்த துப்பாக்கியைக் குளிரிலேயே, பூட்டிய இடத்தில் வைக்கிறார்கள், பிரைமரை மட்டும் எடுத்துவிட்டு. பல மாநிலங்களின் சட்டத்தில் கேப்போ பிரைமரோ இல்லாத மஸில்லோடர் கெட்டிக்காத துப்பாக்கியாகவே கணக்கு. ஆனால் பூட்டும் குழந்தைகள் நெருங்காத இடமும் சட்டம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் வேண்டும். மழைக்குக் குழல்வாயில் ஒட்டும் பிளாஸ்டிக் பட்டை மூடியாகப் போதும்.

மருந்தின் குணம் தெரியாமல் கோளாறு தேடினால் சுற்றிச் சுற்றி அலைய வேண்டியிருக்கும். வெடியுப்பு 75 பங்கு, கரி 15 பங்கு, கந்தகம் 10 பங்கு சேர்ந்த பழைய கருமருந்து சிறு பொறிக்கே பற்றும். அதற்கு மாற்றாக வந்த மருந்துகள் அத்தனை எளிதில் பற்றுவதில்லை. 1970களில் வந்த பைரோடெக்ஸும், கந்தகம் இல்லாத ட்ரிப்பிள் செவனும், பின்னர் வந்த பிளாக்ஹார்ன் 209உம் கருமருந்தைவிடக் கூடுதல் சூட்டைக் கேட்கின்றன. சக்கிமுக்கித் துப்பாக்கியிலும் பழைய சிறு கேப்பிலும் இவை தடுமாறுவதன் காரணம் இதுதான். பிளாக்ஹார்ன் 209 மூன்றிலும் பிடிவாதமானது. அதற்கு முழுச் சூடுள்ள 209 பிரைமரும், அதற்கேற்ற பிளக்கும், குழலோடு இறுகப் பொருந்தும் குண்டும் தேவை. மஸில்லோடருக்கென்று சூடு குறைத்துச் செய்த பிரைமர்களை அதோடு சேர்த்தால் தாமத வேட்டும் வெறும் ‘டப்’ சத்தமும் வருவதில் வியப்பில்லை.

அந்தக் குறைந்த சூட்டுப் பிரைமர்கள் பிறந்த கதையும் அறியத்தக்கது. ட்ரிப்பிள் செவனை முழுச் சூட்டுப் பிரைமரால் சுட்டால் மருந்து இருந்த இடத்துக்குச் சற்று மேலே குழலில் கடினமான கசடு வளையம் படியும். அடுத்த குண்டு அந்த வளையத்தில் தட்டி நின்றுவிடும். மருந்தின் மேல் உட்காராத குண்டோடு சுடுவது மிகவும் ஆபத்து, ஏனெனில் நடுவில் உள்ள காற்றிடைவெளி குழலைக் கெடுக்கலாம். இந்த வளையத்தைக் குறைக்கவே சூடு தணிந்த பிரைமர் செய்தார்கள். ஒரு மருந்துக்கு மருந்தாகும் பிரைமர் இன்னொன்றுக்கு நோயாகிறது.

மாத்திரை வடிவில் வரும் மருந்திலும் ஒரு நுட்பம் உண்டு. பைரோடெக்ஸ் மாத்திரையின் ஒரு முனையில் எளிதில் பற்றுவதற்காகக் கருமருந்துப் பூச்சு இருக்கிறது. கறுத்த அந்த முனை பிரைமர் பக்கம், அதாவது கீழ்நோக்கி இருக்க வேண்டும். அவசரத்தில் தலைகீழாகப் போட்டால் பற்றுவது தாமதமாகும், சில சமயம் பற்றாது. கோலால் ஓங்கிக் குத்தி மாத்திரையை நொறுக்குவதும் கூடாது, சீரான அழுத்தம் போதும். திறந்த டப்பியில் ஓராண்டு ஈரக்காற்று குடித்த மருந்தைக் கொண்டு வேட்டைக்குப் போவதைவிடப் புதிய டப்பி வாங்குவது மலிவு.

வேட்டு பலமாகவும் தவறாமலும் கிளம்ப வேண்டும் என்று, தற்காலத் தோட்டாக்களில் உள்ள புகையற்ற மருந்தை மஸில்லோடரில் போட்டுப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதற்கென்றே கட்டிய மிகச்சில துப்பாக்கிகளைத் தவிர மற்றவற்றில் அது குழலையே வெடிகுண்டாக்கும். கைவிரலும் கண்ணும் உயிரும் போன விபத்துகள் இப்படி நடந்திருக்கின்றன. கோளாறுக்கு மாற்று மருந்து தேடும் யாருக்கும் இந்த எல்லை தெரிந்திருக்க வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தும் வேட்டு வராததற்கு மிக எளிய காரணம் ஒன்று மீதி இருக்கிறது. மருந்தே போடாமல் குண்டைக் கெட்டித்திருப்பார்கள். பேச்சுக்கு நடுவே கெட்டிப்பவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. இதற்குக் கோலில் இரண்டு அடையாளக் கோடுகள் போட்டுவைப்பார்கள். வெறும் குழலில் கோலை இறக்கி, வாயோடு ஒட்டிய இடத்தில் ஒரு கோடு. வழக்கமான மருந்தும் குண்டும் கெட்டித்தபின் இன்னொன்று. கோல் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கினால் மருந்து இல்லை. உயர்ந்து நின்றால் குண்டு முழுதாக உட்காரவில்லை, அல்லது உள்ளே இரண்டு வேட்டு. கோலில் கீறிய இந்த இரண்டு கோடுகளும் எல்லாக் கருவிகளையும்விடப் பயனுள்ளவை.

தவறிய வேட்டைச் சுட்டுத் தீர்ப்பதே பாதுகாப்பான வழி. காத்திருந்தபின் புதிய பிரைமர் வைத்து, இலக்கைப் பார்த்து மறுபடி முயல வேண்டும். இரண்டு மூன்று பிரைமரும் பலிக்கவில்லை என்றால் பிரைமரை எடுத்துவிட்டுப் பிளக்கைத் திருகிக் கழற்றலாம். நவீன இன்லைனின் பெரிய வசதி இதுதான். பிளக்கைக் கழற்றினால் மருந்தையும் குண்டையும் பின்வழியாகத் தள்ளிவிடலாம். பிளக் அசையவில்லை என்றால் நிப்பிள் பக்கமாகக் கரியமில வாயுவைச் செலுத்திக் குண்டை வெளியே துரத்தும் சிறு கருவி கிடைக்கிறது. அதில் குண்டு நல்ல வேகத்தோடு வரும் என்பதால் குழல்வாயை மண்மேட்டின் பக்கம் வைத்துத்தான் அழுத்த வேண்டும். மருந்து இல்லாமல் குண்டு மட்டும் சிக்கியிருந்தால், துளை வழியாகக் கொஞ்சம் மருந்தை உள்ளே கொட்டி, குண்டு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று கோலால் உறுதிசெய்துகொண்டு சுட்டுத் தள்ளுவது பழைய முறை. குண்டில் திருகாணி முறுக்கி வாய் வழியாக இழுப்பது கடைசி வழி. உள்ளே மருந்து இருந்தால் முதலில் அதை நீரூற்றி நனைத்த பிறகே தொட வேண்டும், அப்போதும் உடம்பு குழல்வாய்க்கு நேரே வரக் கூடாது.

பைரோடெக்ஸிலும் ட்ரிப்பிள் செவனிலும் பெர்குளோரேட் உப்பு இருப்பதால், எரிந்தபின் மிஞ்சும் எச்சம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சி இரும்பை அரிக்கும். கருமருந்தின் எச்சமும் இதேபோல் துருவை அழைக்கும். சுட்ட அன்றே சோப்புக் கலந்த வெந்நீரால் குழலைக் கழுவி உலர்த்துவது இவற்றுக்கு ஏற்றது. பிளாக்ஹார்ன் 209இன் எச்சம் தண்ணீரில் கரையாது. அதற்குப் பெட்ரோலியக் கரைப்பான் தேவை. கழுவி முடித்ததும் பிளக்கின் மரைகளில் சூடு தாங்கும் கிரீஸ் பூசித் திருகினால், அடுத்த முறை அது கையோடு கழன்று வரும். குழலில் தடவும் எண்ணெய் மெல்லிய படலமாக இருக்க வேண்டும். துப்பாக்கியை வாய் கீழாகச் சாய்த்து வைத்தால் மிகுதி எண்ணெய் பிளக்கை நோக்கி ஒழுகாமல் வாய் வழியாக வடிந்துபோகும்.